அடியில் நீர்த்தேக்கம் உள்ள தொட்டி: இலைச்செடிகளுக்கு எந்த அளவு பொருந்துகிறது?

வீட்டுக்குள் வளரும் வெப்பமண்டல இலைச்செடிகளுக்கென்று விற்கப்படும், தானே நீர் ஊட்டும் பிளாஸ்டிக் தொட்டியைப் பீஸ் லில்லி, கலாத்தியா, மான்ஸ்டெரா ஆகியவற்றுக்குப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தொட்டி நல்ல தொட்டிதான். ஆனால் “ஒருமுறை நிரப்பினால் கவலையில்லை” என்று உறையில் அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பினால் செடி கெட்டுவிடும்.

வெளித்தொட்டிக்குள் உட்தொட்டி ஒன்று அமர்ந்திருக்க, அதன் அடித்துளைகள் வழியே தொங்கும் தடித்த திரிகள் கீழேயுள்ள நீரை நுண்புழை ஏற்றத்தால் மேலே இழுத்து மண்கலவைக்குக் கொண்டு சேர்க்கின்றன. திரியை முன்னதாகவே நீரில் நன்கு ஊறவைத்துவிட்டுச் செருக வேண்டும். உலர்ந்த திரி நீரை இழுக்கத் தொடங்க மிகவும் தாமதமாகிறது. புதிதாக நட்ட செடியின் வேர் கீழே இறங்கும் வரை மேலிருந்தும் தண்ணீர் ஊற்றுவது அவசியம். இவை இரண்டுமே உறையிலுள்ள குறிப்பில் இல்லை.

இதனால் அதிகம் பயனடைந்தது பீஸ் லில்லி. மண் சற்று உலர்ந்தாலே இலைகளைத் தொங்கவிடும் அந்தச் செடி, ஈரம் ஒரே சீராகக் கிடைத்ததும் நிமிர்ந்தே நின்றது. கலாத்தியாவுக்கும் இது பெருமளவு உதவியது. ஆயினும் இலை ஓரம் பழுப்பாவது முற்றிலும் நிற்கவில்லை; அதற்கு உலர்ந்த காற்றும் தண்ணீரிலுள்ள உப்புகளும் காரணமாக இருக்கையில், வேருக்கு மட்டும் நீர் தரும் தொட்டியிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

மான்ஸ்டெராவின் நிலை வேறு. காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் இச்செடியின் தடித்த வேர்களுக்கு ஈரத்தைப் போலவே காற்றும் வேண்டும். தொட்டியுடன் வந்த கலவையோ மாவாகப் பொடித்த தேங்காய் நார்க்கழிவு மட்டுமே. திரி இழுத்துத் தந்த நீரை அது விடாமல் பிடித்துக்கொண்டதால் அடிப்பாகம் எப்போதும் சொதசொதவென்று இருந்தது, கீழிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாயின. காற்றில் பரவுவதைவிட ஆக்ஸிஜன் நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும் என்பதால், மண்ணின் இடைவெளிகளை நீரே நிறைத்துவிட்டால் வேர் மூச்சுவிட வழியின்றி அழுகத் தொடங்குகிறது. மரப்பட்டைத் துண்டுகளும் பெர்லைட் என்னும் இலேசான வெண்ணிறப் பாறைத் துகள்களும் கலந்த, விரல் விட்டால் பொலபொலவென்று உதிரும் கலவைக்கு மாற்றிய பிறகே புதிய இலை விரிந்தது. தரமான தொட்டியுடன் இப்படிப்பட்ட கலவையைச் சேர்த்து விற்பதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நீர்மட்டம் காட்டும் மிதவையை முழுமையாக நம்ப இயலவில்லை. நாரின் துகள்கள் அதன் குழாயில் அடைத்துக்கொண்டால், தேக்கம் காலியான பின்னும் சிவப்புக் குச்சி மேலேயே நிற்கிறது. தொட்டியைத் தூக்கி எடையைப் பார்ப்பதே உறுதியான வழி. நீர் ஊற்றும் வாய்க்கு மூடி இல்லாததால் கொசு முட்டையிட வாய்ப்புண்டு, ஆகவே நான் நெருக்கமான வலைத்துணியைக் கட்டியிருக்கிறேன். தேக்கம் ஒளிபுகாத நிறத்தில் இருப்பதால் பாசி பிடிக்கவில்லை என்பதைப் பாராட்டியே ஆக வேண்டும்.

நீர் எப்போதும் கீழிருந்து மேலேறி ஆவியாவதால், உரத்திலும் நீரிலும் உள்ள உப்பு மண்ணின் மேற்பரப்பில் வெண்மையாகப் படிகிறது. மாதம் ஒருமுறையேனும் உட்தொட்டியைத் தனியே எடுத்து, மேலிருந்து தாராளமாக நீர் ஊற்றி முழுவதும் வடியவிட வேண்டும். வெளித்தொட்டியில் வடிகால் துளை இல்லாததால் இந்த வேலை பெரிய செடிகளுக்குச் சற்றுக் கடினம்.

வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்த செடி குறைவாகவே நீர் குடிக்கும், ஆனால் திரி அதை அறியாது. அத்தகைய இடங்களில் தேக்கம் வற்றி, மேல்மண் உலர்ந்த பின்னரே மீண்டும் நிரப்புகிறேன். பீஸ் லில்லி, கலாத்தியா, பெரணி வைத்திருப்போரும், அடிக்கடி வெளியூர் செல்வோரும் தயங்காமல் வாங்கலாம். தண்டிலும் கிழங்கிலும் நீரைச் சேமித்துக்கொள்ளும் ஸீஸீ செடிக்கோ, தடித்த இலைகளில் சேமிக்கும் சான்சிவேரியாவுக்கோ இத்தொட்டி வேண்டாம்; அடியில் துளையிட்ட சாதாரண மண்தொட்டியே அவற்றுக்குப் போதும்.