ஆன்டெனா அனலைசர்: நானோவிஎன்ஏவா, ரிக்எக்ஸ்பர்ட்டா, பழைய முள் மீட்டரா?

டிரான்சீவரின் (சிக்னலை அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ) பவரைக் குறைத்து, கேரியர் (பேச்சு ஏறாத வெறும் அலை) கொடுத்து, எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா லைனோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் விகிதம்; 1 என்றால் முழுப் பொருத்தம்) மீட்டரைப் பார்த்தால் ஒரே ஒரு எண்தான் கிடைக்கும். அது 2 என்று வைத்துக்கொள்வோம். ஆன்டெனா 25 ஓமில் இருக்கிறதா, 100 ஓமில் இருக்கிறதா? 50 ஓம் லைனில் இரண்டுக்கும் 2தான் வரும். கம்பி நீளமா, குட்டையா? அதையும் அந்த எண் சொல்லாது. கையடக்க அனலைசர் இந்த இடத்தில்தான் உதவுகிறது. மில்லிவாட் அளவிலான சிக்னலைத் தானே உற்பத்தி செய்து, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருவதை அளந்து, ரெசிஸ்டன்ஸையும், ரியாக்டன்ஸையும் (சுருள் அல்லது கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும் பகுதி) தனித்தனியாகக் காட்டும். பேண்டுக்கு வெளியே அளந்தாலும் யாருக்கும் தொந்தரவு இருக்காது.

ஹாம்களின் (அமெச்சூர் ரேடியோக்காரர்களின்) கையில் இன்று பெரும்பாலும் மூன்று வகைகள் இருக்கின்றன. முதலாவது, எம்.எஃப்.ஜே 259பி போன்ற முள் மீட்டர் கருவி. 1.8 முதல் 170 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். 10 ஏஏ பேட்டரிகள் வேண்டும். 2024 மே மாதத்தில் அந்த நிறுவனம் தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே இனி இது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டாகத்தான் கைமாறும். இரண்டாவது, உக்ரைனில் தோன்றிய ரிக்எக்ஸ்பர்ட் வரிசை: 30 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் ஏஏ-30, 55 வரை போகும் ஏஏ-55 ஜூம், 230 வரை போகும் ஏஏ-230 ஜூம் எனப் பல உண்டு. மூன்றாவது நானோவிஎன்ஏ. திறந்த மூல வடிவமைப்பு என்பதால் பலரும் தயாரிக்கிறார்கள். 2.8 அங்குலத் திரையுள்ள ‘எச்’, 4 அங்குலத் திரையுள்ள ‘எச்4’ ஆகிய இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன.

எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எங்கே நின்று எந்த வேலைக்கு அளக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

மொட்டைமாடியில் கம்பி வெட்டும்போது

பெரும்பாலானோர் அனலைசர் வாங்குவதே இந்த வேலைக்குத்தான். அரை அலை டைபோலுக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1க்கு ஏறக்குறைய 20.1 மீட்டர். கொஞ்சம் கூடுதலாக, 20.40 மீட்டரில் கட்டியிருக்கிறீர்கள், எஸ்.டபிள்யூ.ஆர் 6.95இல் தாழ்கிறது என்றால் கணக்கு எளிது: 20.40 × 6.95 ÷ 7.10 = 19.97. மொத்தம் 43 சென்டிமீட்டர், ஒரு பக்கத்துக்கு 21.5 குறைய வேண்டும். முதலில் 15 மட்டும் குறைத்துவிட்டு மறுபடி அளப்பது நல்லது. தரையும் சுவரும் பக்கத்தில் இருந்தால் கணக்கு சற்றுத் தள்ளும். வெட்டாமல் மடித்துக் கட்டியும் பார்க்கலாம். ஆனால் இன்சுலேஷன் உள்ள கம்பியை மடித்தால், வெட்டியதற்கு முழுச் சமமாக இருக்காது.

இந்த வேலைக்கு ரிக்எக்ஸ்பர்ட் வகையைத்தான் முதலில் சொல்வோம். வெயிலில் திரை படிக்க முடிகிறது, அழுத்துவதற்கு நிஜமான பட்டன்கள் இருக்கின்றன, ஏஏ பேட்டரி தீர்ந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எஸ்ஓ-239 அல்லது ‘என்’ (N) வகை கனெக்டரில் தடித்த கேபிளை நேராகவே சொருகலாம். நடு அதிர்வெண்ணும் அகலமும் கொடுத்தால் சில நொடிகளில் வரைபடம் வந்துவிடும். பயனர் கேலிபரேஷன் (அளவுத் திருத்தம்) கட்டாயமில்லை. நானோவிஎன்ஏவின் தொடுதிரையோ நடு வெயிலில் வெளிறிப்போகும். வியர்த்த விரலுக்கும் சரியாகப் பணியாது. நிழல் விழும்படி ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பதே வழி.

இதைவிட முக்கியமானது அளவை எங்கே எடுக்கிறோம் என்பது. கேபிளின் கீழ்முனையில் தெரியும் ‘ரியாக்டன்ஸ் பூஜ்யம்’ ஆன்டெனாவின் ஒத்ததிர்வு அல்ல. இடையில் உள்ள கேபிள் இம்பீடன்ஸையே (ரெசிஸ்டன்ஸும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்தம்) மாற்றிக் காட்டும். கேபிள் மின் நீளத்தில் அரை அலையாக இருந்தால் மட்டுமே மேலே உள்ளது அப்படியே கீழே தெரியும். வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் கேபிளில் அலை போகும் வேகம்) 0.66 உள்ள ஆர்ஜி-58 கேபிளில், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது 13.94 மீட்டர். மற்ற நீளங்களில் ரியாக்டன்ஸைத் துரத்திக்கொண்டு கம்பியை வெட்டினால் கம்பிதான் வீணாகும். கேபிள் வழியே அளக்கும்போது எஸ்.டபிள்யூ.ஆர் எங்கே தாழ்கிறது என்பதை மட்டும் பாருங்கள். இழப்பு குறைவான கேபிளில் அந்த இடம் நகராது. உண்மையான ஓம் கணக்கு வேண்டுமென்றால் கேபிளின் மேல்முனையில் ஓபன் (திறந்த முனை), ஷார்ட் (குறுக்கிணைத்த முனை), லோடு (50 ஓம்) மூன்றையும் மாட்டிக் கேலிபரேட் செய்ய வேண்டும். நானோவிஎன்ஏவிலும் ரிக்எக்ஸ்பர்ட்டின் ஜூம் வரிசையிலும் அது முடியும். 259பியில் முடியாது.

259பிக்கு இன்னொரு குறை, அது ரியாக்டன்ஸின் அளவைச் சொல்லும், குறியைச் சொல்லாது. 30 ஓம் என்று காட்டினால் அது இண்டக்டிவா கெபாசிடிவா என்று தெரியாது. அதிர்வெண்ணைச் சற்று ஏற்றி, ரியாக்டன்ஸ் கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்து ஊகிப்பார்கள். ஆன்டெனாவின் காலடியில் அளந்தால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக வரும். நீளமான கேபிள் நடுவில் இருந்தால் நம்ப முடியாது.

டியூனரைத் திருப்பும்போது

முள் மீட்டர் ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான், ஆனால் தெளிவாக ஜெயிக்கிறது. ஒரு கையால் டியூனரின் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) கெபாசிட்டரைத் திருப்பும்போது முள் உடனுக்குடன் இறங்குவதைக் கண் எளிதாகப் பின்தொடரும். நானோவிஎன்ஏவில் ஒவ்வொரு ஸ்வீப்பும் முடியக் காத்திருக்க வேண்டும். அதற்குள் குமிழ் சரியான இடத்தைத் தாண்டியிருக்கும். அகலத்தைச் சுருக்கிப் புள்ளிகளைக் குறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். ரிக்எக்ஸ்பர்ட்டில் ஒரே அதிர்வெண்ணில் எஸ்.டபிள்யூ.ஆரைப் பெரிய எழுத்தில் காட்டும் பயன்முறை இதற்குப் போதும். டியூனருக்கு அனலைசரை மாட்டும் முன் டிரான்சீவர் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். தவறிப்போய் பிடிடி (பேசுவதற்கான பட்டன்) அழுத்தினால் எந்த அனலைசரும் பிழைக்காது.

மேஜை மேல்

இங்கே போட்டியே இல்லை. நானோவிஎன்ஏவில் இரண்டு போர்ட்டுகள் இருப்பதால் எஸ்11 (திரும்பி வருவது) மட்டுமல்லாமல் எஸ்21உம் (ஊடுருவிப் போவது) அளக்கலாம்: ஃபில்டர், கிறிஸ்டல், அட்டெனுவேட்டர், சோக் எல்லாம். மற்ற இரண்டும் ஒற்றைப் போர்ட் கருவிகள்.

காமன்மோட் சோக் (கேபிளின் வெளிக்கவசத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்) ஒன்றை எடுத்துக்கொள்வோம். டோராய்டில் (ஃபெரைட் வளையத்தில்) சுற்றிய கேபிளின் வெளிக்கவசத்தை மட்டும் எடுத்து, ஒரு முனையை முதல் போர்ட்டின் நடு ஊசிக்கும், மறுமுனையை இரண்டாம் போர்ட்டின் நடு ஊசிக்கும் இணைத்து எஸ்21 பாருங்கள். மைனஸ் 30 டெசிபெல் என்றால் ஏறக்குறைய 3,060 ஓம், நல்ல சோக். மைனஸ் 15 என்றால் 460 ஓம் அளவில்தான் இருக்கிறது. இன்னும் சில சுற்றுகள் வேண்டும். இணைப்புக் கம்பிகளை இயன்றவரை குட்டையாக வையுங்கள். அவை நீண்டால் அவற்றின் இண்டக்டன்ஸும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் நானோவிஎன்ஏ தன்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்கே உண்மையைச் சொல்லும். அதிகம் ஏமாற்றுவது புள்ளிக் கணக்கு. 101 புள்ளி உள்ள கருவியில் தொடக்க அமைப்பு 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தால், ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் அந்த இடைவெளிக்குள் காணாமல் போய்விடும். 1 முதல் 30 வரை வைத்தாலும் 290 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான். மேக்னடிக் லூப்பின் ஊசி முனை போன்ற பள்ளத்தை அது தாண்டிப் போகும். 7.0 முதல் 7.2 வரை வையுங்கள், 2 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். ஆன்டெனா வேலை செய்யவில்லை என்று முடிவுக்கு வருமுன் இதைச் சரிபாருங்கள்.

அடுத்தது கேலிபரேஷன். வரிசை இதுதான்: முதலில் ஸ்டார்ட், ஸ்டாப் அதிர்வெண்களைக் கொடுங்கள். பிறகு ரீசெட் செய்து, கேலிபரேட்டுக்குள் போய் ஓபன், ஷார்ட், லோடு ஒவ்வொன்றாக மாட்டி, டிரேஸ் நிலைத்தபின் அழுத்தி, டன் கொடுத்துச் சேமியுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் மட்டும் பார்ப்பதென்றால் இரண்டாம் போர்ட்டுக்கான ஐசொலேஷன், த்ரூ படிகளை விட்டுவிடலாம். ரீசெட்டை மறந்தால் பழைய திருத்தத்தின் மேல் புதியது ஏறும். பிறகு அதிர்வெண் எல்லையை மாற்றினால் திரையின் இடது ஓரத்தில் உள்ள பெரிய ‘சி’ சின்ன ‘சி’யாக மாறும், இடையில் ஊகித்து நிரப்புகிறது என்று அர்த்தம். சற்றே நகர்த்தியிருந்தால் பரவாயில்லை. எச்எஃப் (30 மெகாஹெர்ட்ஸ் வரை) கேலிபரேஷனை வைத்துக்கொண்டு 145 மெகாஹெர்ட்ஸில் அளக்காதீர்கள்.

எஸ்எம்ஏ கனெக்டரும் பலவீனம். அதில் எஸ்ஓ-239 அடாப்டரை மாட்டி ஆர்ஜி-213 கேபிளைத் தொங்கவிட்டால், அந்தப் பளுவில் போர்டின் சால்டர் விட்டுப்போகும். ஒரு சாண் நீள ஆர்ஜி-316 துண்டை நிரந்தரமாக மாட்டி, மறுமுனையில் உங்களுக்குத் தேவையான கனெக்டரை வைத்து, அந்த மறுமுனையில் கேலிபரேட் செய்யுங்கள். லோடு தயாரிக்க 100 ஓம், 1 சதவீத எஸ்எம்டி ரெசிஸ்டர் இரண்டை ஒரு பிஎல்-259இல் இணையாக, கால் நீட்டாமல் சால்டர் செய்தால் எச்எஃப்புக்குத் தாராளம்.

யுஎச்எஃப்பில் (300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) நானோவிஎன்ஏ எச் வரிசையை எஸ்.டபிள்யூ.ஆர் பார்க்கப் பயன்படுத்தலாம். ஆனால் 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அது ஹார்மோனிக்கை (சிக்னலின் மடங்கு அதிர்வெண்ணை) வைத்துத்தான் அளக்கிறது. டைனமிக் ரேஞ்ச் இறங்கிவிடும், ஃபில்டரின் ஆழத்தை நம்பக்கூடாது.

பக்கத்தில் ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால்

259பி உள்ளே வரும் எல்லா அதிர்வெண்ணையும் டயோடுகளால் ஒன்றாகவே அளக்கிறது. மீடியம்வேவ் நிலையம் அருகில் இருந்தால், 160, 80 மீட்டர் பேண்டுகளுக்கான நீளக் கம்பிகள் அந்தச் சிக்னலையும் வாங்கிவந்து கொடுக்கும். என்ன செய்தாலும் எஸ்.டபிள்யூ.ஆர் 1.8க்குக் கீழே இறங்காது, நிகழ்ச்சியின் சத்தத்துக்கு ஏற்ப முள் துடிக்கும். ஆன்டெனாமேல் பழி போடாதீர்கள். ரிக்எக்ஸ்பர்ட்டும் நானோவிஎன்ஏவும் குறுகிய அலைவரிசையில் கேட்பதால் இதைவிட நன்றாகத் தாங்கும். அங்கும் டிரேஸ் பல்பல்லாகத் தெரிந்தால் காரணம் இதுவே.

கருவியைக் கைமாற்றும்போதோ கேபிளைத் தொடும்போதோ அளவு மாறுகிறதா? அது எந்தக் கருவியின் குறையும் அல்ல. கேபிளின் வெளிக்கவசமும் உங்கள் உடலும் ஆன்டெனாவின் பகுதியாகிவிட்டன. ஃபீட்பாயின்ட்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) சோக் வையுங்கள். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் 12 சுற்று நல்ல தொடக்கம்.

கேபிளைச் சோதிக்க

மூன்றும் போதும். மறுமுனையைத் திறந்து வைத்து ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பிய சிக்னல் எத்தனை டெசிபெல் குறைந்திருக்கிறது என்பது) பார்த்து, இரண்டால் வகுத்தால் ஒருவழி இழப்பு. 30 மீட்டர் ஆர்ஜி-58, 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 டெசிபெல் தின்னும்; அதாவது ரிட்டர்ன் லாஸ் 12. அது எஸ்.டபிள்யூ.ஆரில் 1.7. மேலே ஆன்டெனாவே இல்லாமல் 1.7! விஎச்எஃப்பில் ‘மேட்ச் பிரமாதம்’ என்று மகிழுமுன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். கேபிளை வெட்டி ஸ்டப் (குறிப்பிட்ட நீளத்தில் வெட்டிய கேபிள் துண்டு) செய்வதானால், முனை திறந்த நிலையில் ரியாக்டன்ஸ் முதன்முதலாகப் பூஜ்யமாகும் அதிர்வெண்ணே கால் அலை. 10 மீட்டர் துண்டு 4.95 மெகாஹெர்ட்ஸில் அப்படிக் காட்டினால் வேகக் காரணி 0.66.

பராமரிப்பு, செகண்ட் ஹேண்ட்

நீளக் கம்பி காற்றிலேயே நிலைமின்னேற்றம் சேர்த்துக்கொள்ளும். கருவியில் சொருகும் முன் கேபிளின் நடு ஊசியைக் கவசத்தோடு ஒரு கணம் தொடவையுங்கள், ஒவ்வொரு முறையும். மூன்று வகைக்கும் எமன் இதுதான். அதிகம் அடிபடுவது 259பியின் டிடெக்டர் டயோடுகள். அந்தக் கருவிக்குள் சார்ஜருக்கான ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு) ஒன்று உண்டு. அது சார்ஜ் நிலையில் இருக்கும்போது ஆல்கலைன் பேட்டரி போட்டு அடாப்டரையும் செருகினால் பேட்டரி கசிந்து உள்ளே அரித்துவிடும்.

நானோவிஎன்ஏவில் மலிவான நகல்கள் சில, மிக்சர் மேல் வர வேண்டிய உலோக மூடி இல்லாமலே வருகின்றன. முடிந்தால் திறந்து பாருங்கள். பழைய 259பியை வாங்கப் போகும்போது 25, 50, 100, 200 ஓம் ரெசிஸ்டர்களைக் கனெக்டரில் சால்டர் செய்து எடுத்துப்போங்கள். முறையே 2, 1, 2, 4 என்று காட்ட வேண்டும், ரியாக்டன்ஸ் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். 50இல் மட்டும் சரியாகக் காட்டி 25லோ 200லோ விலகினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். டயோடு சிறு செலவுதான். ஆனால் மாற்றியபின் உள்ளே இருக்கும் ட்ரிம்மர்களை ஒவ்வொன்றாக மறுபடி அளவுசெய்தால்தான் கருவி பழைய நிலைக்கு வரும். அந்த வேலைக்கும் தயாராக இருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள்.