கடலோரத்து அப்பா வீடு: தங்கும் விடுதியா, வாடகைக்கா?

துபாயிலிருந்து திரும்பிய நண்பர்கள் இருவர் கேட்டார்கள்: ராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிப் பக்கம் இருக்கும் அப்பா வீட்டைச் சுற்றுலா வருபவர்கள் தங்க விடுவதா, நகரத்தை விட்டுக் கடலோரம் வாழ வருபவருக்கு வாடகைக்குக் கொடுப்பதா?

செலவு: தங்க விட்டால் கழிப்பறை, தண்ணீர், மெத்தை எல்லாம் முதலிலேயே வேண்டும். வாடகை என்றால் வெள்ளையடித்தால் போதும்.

பராமரிப்பு: உப்புக்காற்றில் ஜன்னல் கொக்கியைத் தொட்டாலே விரலில் துரு ஒட்டும். விருந்தாளி வருமுன் மாற்றியாக வேண்டும்.

வருமானம்: தொண்டிப் பக்கம் இருக்கும் காரங்காடு ஊரின் அலையாத்திக் காட்டில் படகில் போக ஆள் வருகிறது, அடைமழையில் வராது. வாடகை மாதாமாதம் வரும்.

ஊர்: எனக்கு இதுதான் முக்கியம். பிழைப்புக்காக இல்லாமல் பிடித்த வாழ்க்கைக்காக ஊர் மாறுவதை மனிதப் புவியியலாளர்கள் 'வாழ்க்கைமுறை இடப்பெயர்வு' என்கிறார்கள். அப்படி வருபவர்கள் பெருகினால் வாடகை ஏறும். ஊர்ப் பிள்ளைகளுக்கே வீடு கிடைக்காது. தங்க வருபவர் சாப்பிடும் மீன்குழம்புக் காசோ பக்கத்து வீட்டு அக்கா கைக்குப் போகும்.

ஊரிலேயே இருக்கப் போகிறவர் விருந்தாளிகளைத் தங்க வைக்கலாம். மறுபடி விமானம் ஏறுபவர் வாடகைக்கு விடட்டும். சரி, யாராக இருந்தாலும் வலை காயப்போடும் இடத்தில் வேலி போட வேண்டாம்.