குழாய்த் தண்ணீரில் கிருமி: கறுக்கும் பாட்டிலா, லேப் ரிப்போர்ட்டா?

2024 கடைசியில் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் எத்தனையோ தெருக்களை முக்கிவிட்டுப் போயின. அப்படி ஒரு மழைக்குப் பிறகு குழாயில் வருவதைக் குடிக்கலாமா? நம் ஊர்களில் தண்ணீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. நிறுத்தியிருக்கும் நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது. விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடை உள்ளே கசியும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை நம்ப முடியாது.

டிடிஎஸ் மீட்டரை முதலிலேயே ஓரம் வைத்துவிடலாம். அது அளப்பது உப்பை. கிருமியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கிருமியைக் கண்டுபிடிக்க மிச்சம் இரண்டு வழி. ஒன்று, குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானிகள் 1982-இல் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில். உள்ளே மருந்து தோய்ந்த ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். கோடு வரை தண்ணீர் பிடித்து, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். குடலில் வாழும் பல கிருமிகள் விடும் வாயு, மருந்திலுள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். மாசு மிகுந்த தண்ணீர் ஒரே ராத்திரியில் மை கொட்டினாற்போல ஆகிவிடும். இல்லாவிட்டால் 48 மணி நேரம் பார்க்க வேண்டும். மார்கழிக் குளிரில் மெதுவாகத்தான் நிறம் மாறும். குறையும் உண்டு. தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை என்ற குடல் கிருமி பொதுவாக இந்த வாயுவை விடுவதில்லை, அதனால் கறுக்காத பாட்டில் முழு உத்தரவாதம் ஆகாது. கந்தக வாடை வீசும் போர் தண்ணீரோ கிருமி இல்லாமலே கறுக்கலாம்.

இரண்டாவது, லேப். இது பாட்டிலைவிடத் திட்டவட்டம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இன்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை தென்படவே கூடாது. அதை லேப் நேரடியாகத் தேடுகிறது. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் பலரும் சாம்பிளில்தான் கோட்டை விடுகிறார்கள். பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப் போனால் வீண். லேப் தரும் பாட்டிலில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கும். அது இல்லாவிட்டால் தண்ணீரிலுள்ள குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். குழாயில் என்ன இருந்தது என்பது மறைந்துவிடும். குழாய் வாயைச் சுத்தம் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

வீட்டுக்கும் தெருவுக்கும் நான் சொல்வது பாட்டிலைத்தான். விலை குறைவு என்பதால் தெருக்குழாய், சம்ப், மாடி டேங்க் மூன்றிலும் ஒரே நாளில் வைத்துப் பார்க்கலாம். டேங்க் மட்டும் கறுத்தால் கோளாறு நம் மாடியில். தெருக்குழாயே கறுத்தால் அப்புறம் லேபுக்குப் போங்கள். கடலூரில் மாநகராட்சியிடமோ புதுச்சேரியில் பொதுப்பணித் துறையிடமோ புகார் கொடுக்கும்போது அந்த ரிப்போர்ட்டுக்குத்தான் எடை அதிகம்.

முடிவு வரும்வரை என்ன செய்வது? தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் மாத்திரைச் சோதனை உடனே பதில் சொல்லும். இளஞ்சிவப்பு நிறம் வந்து லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது காட்ட வேண்டும். நிறமே வரவில்லை என்றால் பாட்டில் கறுக்கட்டும் என்று காத்திருக்காமல், அன்றிலிருந்தே தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.