கிணற்றடிக்கு எந்தக் கோரை?

எங்கள் காரைக்குடி வீட்டில் ஈரம் என்றால் இரண்டே இடம்தான். ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீர் வந்து சேரும் கிணற்றடி. சித்திரையிலும் சொதசொதவென்று கிடக்கும். இன்னொன்று, ஓட்டுத் தண்ணீர் கொட்டும் பக்கத்து மூலை. ஐப்பசி, கார்த்திகையில் குளம், தை பிறந்தால் கட்டாந்தரை. எந்தக் கோரை வாங்குவது என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்துவிடுகிறது.

கிணற்றடிக்கு யோசிக்காமல் குடைக்கோரை. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்பார்கள். பனைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 3 முதல் 5 அடி வளரும். சோப்புத் தண்ணீரையும் தாங்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செடித்தொட்டிகளிலேயே இதை வளர்க்கிறார்கள். ஒரு செடி வாங்கினால் போதும். தண்டு உச்சியில் குடைபோல விரியும் இலைக்கொத்தைக் கொஞ்சம் தண்டோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி, தண்ணீரில் கவிழ்த்து மிதக்கவிட்டால் சில வாரங்களில் வேர்விடும். "தலகீழாப் போட்டாலும் முளைக்குதே, இது என்ன சென்மமோ!" என்றார் அப்பத்தா. குறை என்னவென்றால், அடங்காது. பழுத்த தண்டுகளை அடியோடு அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் பாப்பிரஸ்தான் முதல். பண்டைய எகிப்தியர்கள் எழுதும் தாள் செய்த அதே கோரை. ஆனால் 10 அடியையும் தாண்டும். ஆடிக் காற்றில் தண்டு மடங்கித் தொங்கும். நல்ல வெயிலும் வற்றாத தண்ணீரும் வேண்டும். ஆசை விடவில்லை என்றால் 2, 3 அடியோடு நிற்கும் குட்டை வகையைப் பழைய கல்தொட்டியில் வைக்கலாம். கொசுவுக்கு நாலு கப்பி மீன் விட்டால் சரி.

வெள்ளை நட்சத்திரம் போலப் பூக்கும் ஸ்டார் கிராஸும் கோரைதான். வெள்ளையாகத் தெரிவது இதழ் அல்ல, பூவடி இலை. அதிகம் உயராது என்பதால் கிணற்று மேடை ஓரத்துக்குப் பொருந்தும்.

மஞ்சள் கோடு போட்ட கேரெக்ஸ் என்ற கோரை படத்தில் மயக்கும். ஜப்பான் மலைக்காட்டுச் செடி அது. கொடைக்கானலில் வீடு இருப்பவர்கள் வாங்கட்டும்.

அந்த ஓட்டுத் தண்ணீர் மூலைக்கு? எதுவுமே வேண்டாம். மூன்று மாத ஈரத்தை நம்பி வைத்தால் பங்குனியில் வைக்கோல்தான் மிஞ்சும்.

அப்புறம், எதை வாங்கினாலும் வேர் மண்ணை அலசிவிட்டு நடுங்கள். அதில் ஒரு கோரைக்கிழங்கு ஒளிந்து வந்துவிட்டால் போச்சு. பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும்.