பழைய லோரியில் ‘டொக் டொக்’: திருப்புளியா, ஸ்பேனரா, சம்ப்பா?

சுங்கை சிப்புட்டில் மாமாவின் பழைய லோரி செம்பனைக் குலை ஏற்றுகிறது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் வேக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால்தான் எஞ்சின் தட்டத் தொடங்கியதும், “சம்ப்பை (எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியை) இறக்கிப் பார்த்துவிடலாம்” என்ற பட்டறைக்காரருக்கு மாமா உடனே தலையாட்டினார். நான் தடுத்தேன்.

நீண்ட திருப்புளியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பது செலவில்லாத வழி. சத்தம் மேலே ஹெட்டிலா (சிலிண்டர்களின் மேல்மூடி), கீழே கிராங்க் (சுழலும் தண்டு) பக்கமா என்று ஓரளவு தெரியும். ஆனால் இரும்பு முழுவதும் ஓசை பரவுமே! எந்தச் சிலிண்டர் என்று சொல்லப் பழகிய காது வேண்டும்.

நான் நம்புவது ஸ்பேனரை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் குழாய் நட்டைத் துணி சுற்றி அரைச் சுற்று தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் மட்டும் எரியாது. பெரும்பாலும் 17 எண் ஸ்பேனர் போதும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பீறிடும் டீசல் தோலையே துளைக்கும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரயில் எஞ்சினில் இதைத் தொடவே கூடாது.

ஒன்றையும் இரண்டையும் தளர்த்தியபோது எஞ்சின் தடுமாறியதே தவிர, தட்டல் போகவில்லை. மூன்றாவதில் துணி டீசலில் ஊறிய கணமே சத்தம் நின்றது. இறுக்கினோம், மறுபடியும் டொக் டொக்.

“மூன்றுதான் மாமா” என்றேன். ஆனால் இதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடின் பேரிங் தேய்ந்திருந்தாலும், அந்தச் சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் தணியும். எனவே புதிய செப்பு வாஷர் போட்டு, மூன்றாவது இன்ஜெக்டரையும் முதலாவதையும் இடம் மாற்றினோம். தட்டல் முதல் சிலிண்டருக்குப் போய்விட்டது. பேரிங் என்றால் மூன்றிலேயே இருந்திருக்கும்.

காலைக் குளிரில் தட்டி, சூடேறியதும் அடங்கினால் பிஸ்டன் தளர்வாக இருக்கலாம். உடனே பதற வேண்டாம்.

சம்ப்பைக் கழற்றுவதற்கும் வேளை உண்டு. எண்ணெய் அழுத்தம் விழுந்தாலோ, வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மின்னினாலோ எஞ்சினை அணைத்துவிட்டு நேரே சம்ப்புக்குப் போங்கள். ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள். மாமாவின் எண்ணெயில் துகள் இல்லை. இன்ஜெக்டரை மட்டும் கழற்றி, பம்ப் சரிபார்க்கும் கடையில் கொடுத்தோம்.