தொட்டி மண்ணில் பூஞ்சைக் கொசு: காயப்போடுவதா, மருந்து ஊற்றுவதா?

மணி பிளான்ட்டுக்குத் தண்ணீர் ஊற்றியதும் மண்ணிலிருந்து பொடிப்பொடியாகக் கருங்கொசுக்கள் கிளம்புகின்றன என்றால், கண்ணுக்குத் தெரியும் அந்தக் கூட்டம் பிரச்சினையின் வால் மட்டும்தான். பறப்பவை கடிப்பதில்லை, ஒரு வாரம், பத்து நாளில் தாமாகவே செத்துவிடும். சாவதற்குள் ஒரு பெண் கொசு ஈர மண்ணில் 200 முட்டை வரை இட்டுவிடும். முட்டை 3–4 நாளில் பொரியும். கருந்தலையும் கண்ணாடி போன்ற உடம்புமாக வரும் புழு, மேல் இரண்டு அங்குல மண்ணில் இரண்டு வாரம் பூஞ்சையையும் மட்கையும் மேயும். கூட்டம் பெருத்தால் வேர்த்தூவியையும் கடிக்கும். கூட்டுப்புழுவாக 4–5 நாள், பிறகு மறுபடி பறப்பு. ஆக ஒரு சுற்று 3–4 வாரம். எந்த வழியானாலும் அது எந்தப் பருவத்தை அடிக்கிறது, நான்கு வாரம் விடாமல் செய்ய முடியுமா என்ற இரண்டையும் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

முதலில் ஆளை அடையாளம் காணுங்கள். குளியலறைச் சுவரில் ரோமச் சிறகோடு உட்கார்ந்திருப்பது சாக்கடை ஈ. வாழைப்பழத்தைச் சுற்றுவது பழ ஈ. இரண்டுக்கும் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. எந்தத் தொட்டி குற்றவாளி என்று தெரிய, உருளைக்கிழங்கை அரை அங்குலத் தடிமனில் நறுக்கி ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு துண்டை மண்ணோடு அழுத்தி வைத்து, மூன்றாம் நாள் திருப்பிப் பாருங்கள். புழு இருந்தால் அடியில் ஒட்டியிருக்கும். பத்துத் தொட்டியில் இரண்டு மூன்றுதான் பெரும்பாலும் சிக்கும். மற்றவற்றுக்கு மருந்து வீண்.

காயப்போடுதல்

காசில்லாத வழி இது. எங்கள் கணக்கில் முதலிடமும் இதற்கே. மேல் இரண்டு அங்குலம் நன்றாகக் காய்ந்தால் முட்டையும் சின்னப் புழுவும் வற்றிச் சாகும், புதிதாக முட்டையிடவும் கொசு வராது. விரலை இரண்டாம் கணு வரை நுழைத்து ஈரம் தட்டாத பிறகே அடுத்த தண்ணீர்.

கொங்குப் பக்கம் இதில் சறுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து சுலபமாகக் கிடைப்பதால் வீட்டுத் தொட்டிக் கலவையில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கும். மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், ஒரு அங்குலம் கீழே பிழிந்தால் நீர் சொட்டும். நிறத்தைப் பார்த்து ஊற்றினால் தொட்டி என்றைக்கும் காயாது. தூக்கிப் பார்த்து எடையை வைத்து முடிவு செய்யுங்கள். அடுத்த முறை மாற்றும்போது நார்க்கழிவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் வெள்ளைப் பருக்கை) உடைத்த செங்கலோ சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. பிளாஸ்டிக்கை விட மண் தொட்டி சீக்கிரம் காயும் என்பதும் கணக்கில் வரட்டும்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஜன்னலோரத் தொட்டி விரைவில் காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் அதே தொட்டி ஈரத்திலேயே கிடக்கும். அப்போது இந்த ஒரு வழியை மட்டும் நம்பக்கூடாது. பெரணி, பீஸ் லில்லி, கலத்தியா, நாற்றுத் தட்டு இவற்றுக்கு எந்தக் காலத்திலும் இது ஆகாது. பாம்புச் செடி, இசட்-இசட், மணி பிளான்ட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

அடியிலிருந்து தண்ணீர்

காயப்போடுதலின் கூட்டாளி இது. ஒரு போசியில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டுத் தொட்டியை 20–30 நிமிடம் உட்கார வைத்து, எடுத்து வடியவிட வேண்டும். வேருக்கு நீர் கிடைக்கும், மேல்மண் கிட்டத்தட்ட உலர்ந்தே இருக்கும். கலவை நிறைய நீர் இழுக்கும் வகையாக இருந்தால் அரை மணிக்கு மேல் விடாதீர்கள். ஈரம் ஏறி ஏறி மேல்மண்ணுக்கே வந்துவிடும். தட்டில் தேங்கிய நீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் கடிக்காத கொசுவை விரட்டப் போய் டெங்குக் கொசுவை வளர்த்த கதையாகும். போர் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் உப்பு மேலே வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை மேலிருந்து ஊற்றி, அடித்துளை வழியாக வடியும்படி அலசிவிட வேண்டும்.

மணல் பரப்பு

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் புகழ் கொஞ்சம் அதிகப்படி. மண் மேல் ஒரு அங்குலம் பெருமணல் போட்டால் கொசு முட்டையிட வழியில்லை என்பது சரிதான், மணல் காய்ந்திருக்கும் வரை. மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் மணலும் நனையும். அடித்துளை வழியாகவும் கொசு போய்வரும். இங்கே கையில் கிடைப்பது எம்-சாண்ட். அதை அப்படியே கொட்டினால் தூள் இறுகிப் பாளமாகி நீரையும் காற்றையும் தடுக்கும். சலித்து, பெரிய பருக்கையை மட்டும் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். இன்னொரு குறை, மண் காய்ந்ததா என்பதை மணல் மறைத்துவிடும். அடித்தண்ணீரோடு சேர்த்துச் செய்தால் நல்லது, தனியாக என்றால் சுமார்.

மஞ்சள் ஒட்டட்டை

பசை தடவிய இந்த மஞ்சள் அட்டை பறப்பதை மட்டும் பிடிக்கும், புழுவைத் தொடாது. ஆனாலும் தொட்டிக்கு ஒன்று வேண்டும், அளவுகோலாக. வாரம் ஒருமுறை எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கினால் செய்வது பலிக்கிறது. கொசு தரையோடுதான் பறக்கும் என்பதால் உயரத்தில் தொங்கவிடாமல் மண்ணுக்கு ஓரிரு அங்குலம் மேலே செருகுங்கள். வீட்டில் செய்வதானால் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டில் விளக்கெண்ணெய் தடவலாம். தேங்காய் எண்ணெய் வெயிலுக்கு வழிந்துவிடும். தூசி படிந்தால் துடைத்து மறுபடி தடவ வேண்டும். வினிகர்க் கிண்ணம் பழ ஈக்கான பொறி.

ஹைட்ரஜன் பெராக்சைடு

வேகம் வேண்டுமென்றால் இது. மண்ணில் நுரைத்து, பட்ட புழுவைக் கொன்று, நீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். நம்மூர் மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6%. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் ‘ஒன்றுக்கு நான்கு’ என்பது 3% கரைசலுக்கானது. அதை அப்படியே 6%க்குப் பின்பற்றினால் இரட்டிப்புக் கடுமையாகி இளவேர் கருகும். 6% என்றால் 100 மி.லி.க்கு 900 மி.லி. தண்ணீர், 3% என்றால் 200 மி.லி.க்கு 800. மேல்மண் காய்ந்த பிறகு, இரண்டு அங்குலம் நனையும் அளவு ஊற்றினால் போதும். மறுநாளே அதன் வேலை முடிந்துவிடும், தப்பிய முட்டை அடுத்த வாரம் பொரிக்கும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சை போட்ட மண்ணில் அதையும் சேர்த்தே கொன்றுவிடும். அடிக்கடி ஊற்றுவதற்கல்ல, ஆரம்ப அடிக்கு ஒன்றிரண்டு முறை.

பி.டி.ஐ.

பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியா. கொசுப்புழுவுக்கென்று விற்பது. புழு தின்றால் குடல் சிதைந்து சாகும். மனிதருக்கோ பூனைக்கோ மண்புழுவுக்கோ தீங்கில்லை. மண்ணை ஈரமாகவே வைக்க வேண்டிய செடிகளுக்கு இதற்கு நிகர் வேறில்லை. கடையில்தான் கோளாறு நடக்கும்: ‘பி.டி.’ என்று கேட்டால் காய்ப்புழுவுக்கான குர்ஸ்டாகி வகையை எடுத்துக் கொடுப்பார்கள். அது இந்தக் கொசுவை ஒன்றும் செய்யாது. பாக்கெட்டில் ‘இஸ்ரேலென்சிஸ்’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேபிள் அளவில் கரைத்து, மேல்மண் முழுக்க நனையும்படி 5–7 நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை. கூட்டுப்புழு எதையும் தின்னாது, முட்டையும் அப்படியே. அதனால்தான் ஒரே தடவையில் தீராது. பெராக்சைடு ஊற்றிய அன்று இதை ஊற்றினால் பாக்டீரியாவையே கொன்றதாகும். இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

வேம்பு

வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1–2 மி.லி., ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீர். கலக்கியதும் ஊற்றிவிட வேண்டும். கடைச் சரக்கானால் அசாடிராக்டின் (வேம்பின் வீரியப் பொருள்) 1500 பிபிஎம் வகைக்கு லிட்டருக்கு 3–5 மி.லி.; 10,000 பிபிஎம் பாட்டிலை அதே அளவில் ஊற்றிவிடாதீர்கள். புழு தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து என்பதால் பலன் மெதுவாகத்தான் தெரியும். மூடிய ஆசாரத்தில் (கூடத்தில்) வாடை இரண்டு நாள் நிற்கும்.

வேப்பம்புண்ணாக்கு வேறு விஷயம். தோட்டத்தில் அருமையான சரக்கு, வீட்டுக்குள் மேல்மண்ணில் தூவினால் நாலு நாளில் வெண்பூஞ்சை பூத்துக் கொசுவுக்கு விருந்தாகிவிடும். கடலைப்புண்ணாக்குக் கரைசல், அரிசி களைந்த தண்ணீர், டீத்தூள், மேலே போட்ட மண்புழு உரம் எல்லாம் இதே கணக்குதான். கொசு ஒழியும் வரை இவை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிறுத்தாமல் எந்த மருந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பட்டைத்தூளும் மஞ்சள்தூளும் மேற்பூஞ்சையைக் கொஞ்சம் அடக்கலாம், புழு வரை எட்டாது. மண்ணில் பூச்சிப் புழுவைத் தாக்கிக் கொல்லும் நூற்புழுக்களும் உண்டு. அவற்றில் ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா கோவையிலேயே கண்டெடுக்கப்பட்டு 1992-ல் பெயரிடப்பட்ட இனம், வெயில் தாங்கும். ஆனால் விற்பது வெள்ளை வேர்ப்புழுவுக்காக. பூஞ்சைக் கொசுவுக்குப் பேர் பெற்ற ஸ்டெய்னர்நீமா பெல்டியே குளிர்ந்த மண்ணை விரும்பும். நாலைந்து தொட்டிக்காக இந்த வழியில் இறங்க வேண்டாம். தோட்டத்துக்கு வாங்கி மிஞ்சிய குருணை மருந்தை வீட்டுத் தொட்டியில் போடவே கூடாது. அவற்றில் ஒன்றான போரேட் 2020 இறுதியோடு நாட்டிலேயே தடை.

சேர்மானம் செடியைப் பொறுத்தது. மண் காய்வதைத் தாங்கும் செடிக்கு காயப்போடுதலும் அடித்தண்ணீரும் ஒட்டட்டையும் ஒட்டுக்கா செய்தால் மருந்தே தேவைப்படாது. பெரணிக்கும் நாற்றுக்கும் முதல் நாள் பெராக்சைடு, மூன்றாம் நாளிலிருந்து வாராவாரம் பி.டி.ஐ. புதினா, கொத்தமல்லி மாதிரி தின்னும் செடிக்கு பி.டி.ஐ. மட்டும். நான்கு வாரம் கழித்தும் அட்டையில் எண்ணிக்கை குறையவில்லையா? தொட்டியை விட்டுவிட்டு, வாய் திறந்து ஈரத்தோடு மூலையில் கிடக்கும் கலவை மூட்டையைப் பாருங்கள். பல வீடுகளில் ஊற்றுக்கண் அதுதான். அந்தக் கலவையில் கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டு, வெயிலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் கட்டி வையுங்கள். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை ஒட்டட்டையோடு மூன்று வாரம் திண்ணையிலேயே தனியாக வைத்து, அட்டை சுத்தமாக இருந்தால் மட்டும் உள்ளே எடுங்கள்.