லினக்ஸ் லைவ்பேட்ச்: ரீபூட் இல்லாமல் கெர்னல் ஓட்டையை அடைக்க

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஓடும்போதே திருத்த, 2015-இல் லினக்ஸ் 4.0-உடன் வந்த வசதி லைவ்பேட்ச். பிழையுள்ள ஃபங்ஷனுக்கு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) வரும் அழைப்புகளை, எஃப்டிரேஸ் என்ற கெர்னலின் கண்காணிப்புக் கருவி வழியாகத் திருத்திய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடும். கெர்னலின் நெட்வொர்க் வடிகட்டியான என்எஃப்-டேபிள்ஸில் வந்த, சிவிஇ-2024-1086 என்று எண்ணிடப்பட்ட ஓட்டை போன்றவற்றுக்கு அருமையான மருந்து இது. விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடும் அந்தப் பிழை, சாதாரணப் பயனரையும் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆக்கிவிடும். திருத்தமோ சில வரிகள்தான்.

பேட்ச் ஏற்றியதுமே காப்பு வந்துவிட்டதென்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். பழைய ஃபங்ஷன் ஏதாவதொரு டாஸ்க்கின் (ஓடும் வேலை) ஸ்டேக்கில் (நடப்பு அழைப்புகளின் அடுக்கு) இருக்கும்வரை மாற்றம் முடியாது. சிஸ் அடைவில் கெர்னல், அதற்குள் லைவ்பேட்ச், அதில் அந்தப் பேட்சின் டிரான்சிஷன் (மாற்றம்) கோப்பைப் பாருங்கள். 1 என்றால் பாதியில் நிற்கிறது. 0 வர வேண்டும். தூங்கிக் கிடக்கும் ஒரே டாஸ்க் நெடுநேரம் இழுத்தடிக்கும். டிரான்சிஷன் நடக்கும்போது ப்ராக் அடைவில் எந்த டாஸ்க்கின் பேட்ச்-ஸ்டேட் கோப்பு 0 காட்டுகிறதோ, அதுதான் இன்னும் மாறாதது. அந்த டாஸ்க்கை நடத்தும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் தீரும்.

ஸ்ட்ரக்சரின் (தரவைத் தொகுத்து வைக்கும் வடிவம்) அமைப்பையே மாற்றும் திருத்தத்துக்கு இது பெரும்பாலும் ஒத்துவராது, ரீபூட்தான். கெர்னல் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளை பழைய பதிப்பையே காட்டும் என்பதால், ஓட்டை தேடும் ஸ்கேனர் தவறாக எச்சரிக்கலாம்.

பேட்ச் கைக்கு வரும்வரை யூசர் நேம்ஸ்பேஸ் (சாதாரணப் பயனருக்குத் தனி வட்டத்துக்குள் ரூட் அதிகாரம் தரும் வசதி) உச்சவரம்பை 0 ஆக்கலாம். ஆனால் ரூட் இல்லாமல் ஓடும் கன்டெய்னர்களை (தனித்து ஓடும் செயலிப் பொதிகள்) புதிதாகத் தொடங்க முடியாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவரை லைவ்பேட்ச் வெளியேற்றாது. அந்தச் சந்தேகம் இருந்தால் மெஷினைத் தனிமைப்படுத்தி, புதிதாக நிறுவுங்கள்.